‘நல்லாத்தான் இருக்கேன்’: மனநல மதிப்பீட்டு அறைக்குள் என்ன நடக்கிறது?

மூன்று ஆண்டுகளுக்கு முன் அம்மாவைச் சிங்கப்பூரில் ஒரு பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனேன். அப்பா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அம்மாவுக்குச் சாப்பாடு குறைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவது நின்றுவிட்டது. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து, விளக்குகூடப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்திருப்பார். மருத்துவர் சீனப் பெண்மணி, பொறுமையானவர். அவர் ஆங்கிலத்தில் கேட்டதை நான் தமிழில் சொன்னேன்.

“எப்படிம்மா இருக்கீங்கன்னு கேக்குறாங்க.”

“நல்லாத்தான் இருக்கேன்.”

வீட்டுக்கு வரும் உறவினருக்குச் சொல்லும் அதே பதில், அதே சிரிப்பு.

பாதி நேரம் கடந்தபின் மருத்துவர் என்னைப் பார்த்து ஒன்று கேட்டார். வாழ்ந்து என்ன பயன், செத்துப்போகலாம் என்ற எண்ணம் அம்மாவுக்கு வருகிறதா? பெற்ற தாயிடம் அதைக் கேட்க எனக்கு நா எழவில்லை. “மனசு ரொம்பக் கஷ்டமா இருக்காம்மா?” என்று கேட்டேன். அம்மா தலையாட்டினார். “வருத்தம்தான், வேறொன்றும் இல்லை” என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் கேட்காத கேள்விக்கு நானே பதில் சொன்னேன். மருத்துவர் அதைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

எவ்வளவு பெரிய பிழை அது என்பது, மனநல மதிப்பீடு எப்படி நடக்கிறது என்று பின்னால் தெரிந்துகொண்டபோதுதான் எனக்கு உறைத்தது. நம்மில் பெரும்பாலோர் அந்த அறைக்குள் ஒன்றும் தெரியாமல்தான் போகிறோம். ‘பைத்தியமா இல்லையா’ என்று சோதிக்கப் போகிறார்கள் என்ற பயம் ஒரு பக்கம். ‘சும்மா நாலு கேள்வி கேட்டு மாத்திரை எழுதித் தருவார்கள்’ என்ற அலட்சியம் இன்னொரு பக்கம். இரண்டுமே உண்மையில்லை.

நீரிழிவு இருக்கிறதா என்று பார்க்க இரத்தத்தில் சர்க்கரையை அளக்கலாம். இதயத்துக்கு ஈசிஜி எடுக்கலாம். மனச்சோர்வையோ பதற்ற நோயையோ உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனை இன்றுவரை வரவில்லை. மருத்துவர்கள் கையில் இருப்பது வரையறைதான். ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரமாவது தொடர்ந்து இருந்து, அவற்றுள் ஒன்று மனச்சோர்வாகவோ எதிலும் நாட்டமில்லாமையாகவோ இருந்து, அன்றாட வாழ்க்கையையும் கெடுத்தால், அதைப் பெரும் மனச்சோர்வு நோய் என்கிறது டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க வரையறை நூல். அந்த ஒன்பதையும் மருத்துவர் எப்படித் தெரிந்துகொள்வார்? நீங்கள் வாயால் சொல்ல வேண்டும். சொல்லும்போது உங்களை அவர் கவனிக்க வேண்டும். பரிசோதனைக் கருவி உங்கள் பேச்சுதான். அந்தப் பேச்சு எந்த மொழியில் போகிறது, யார் வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்து முடிவே மாறலாம்.

சிங்கப்பூரில் மனநலக் கழகம் நாடளாவிய இரண்டு பெரிய ஆய்வுகளை நடத்தியிருக்கிறது. 2010ல் நடந்த முதல் ஆய்வில், ஆய்வுக்குட்பட்ட மனநோய்களில் ஒன்றாவது வாழ்நாளில் வந்தவர்கள் 12 விழுக்காடு. 2016ல் நடந்த இரண்டாவது ஆய்வில் அது 13.9 விழுக்காடு, அதாவது ஏழு பேரில் ஒருவர். அவர்களில் முக்கால்வாசிக்கும் அதிகமானோர் எந்த உதவியும் தேடவில்லை. ஒரே எண்ணமும் ஒரே செயலும் திரும்பத் திரும்ப ஆட்டிப்படைக்கும் ஓசிடி நோயாளிகளில் பாதிப் பேர் உதவி தேடி வருவதற்குப் பதினோரு ஆண்டுகளோ அதற்கும் மேலோ ஆகின்றன என்றும் அந்த ஆய்வு சொன்னது. முதல் ஆய்வின் நேர்காணல்கள் ஆங்கிலம், சீனம், மலாய் ஆகிய மூன்று மொழிகளில் நடந்தன. தமிழ் மட்டுமே பேசும் ஒரு பாட்டியின் மனம் அந்தக் கணக்கில் வந்திருக்க வழியில்லை. நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றைப் பேசுகிறவர்கள் நாம். அந்த மொழியிலேயே நம் நோயைச் சொல்லப் பழகியிருக்கிறோமா என்பதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி.

எங்கே போவது?

என் தலைமுறைக்கு ‘உட்பிரிட்ஜ்’ என்ற சொல்லே ஒரு மிரட்டல். 1928ல் இயோ சூ காங் பக்கம் தொடங்கப்பட்ட மனநோய் மருத்துவமனைக்கு 1951ல் அந்தப் பெயர் வந்தது. 1993ல் புவாங்கோக்கில் புதிய கட்டடத்துக்கு மாறி மனநலக் கழகம் ஆனது, ‘ஐஎம்எச்’ என்கிறோம். மதிப்பீட்டுக்கு எல்லாரும் நேராக அங்கேதான் போக வேண்டும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படியில்லை. பொது மருத்துவமனைகள் பலவற்றில் மனநலப் பிரிவு உண்டு. பெரும்பாலோருக்கு நல்ல வழி, வீட்டுக்குப் பக்கத்துப் பலதுறை மருந்தகத்தில் தொடங்குவதுதான். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு போனால் சிறப்பு மருத்துவரைப் பார்க்க அரசு மானியம் கிடைக்கும். காத்திருக்கும் காலம் சில வாரங்கள் ஆகலாம். தனியார் மருத்துவரை விரைவில் பார்க்கலாம், ஆனால் முதல் சந்திப்புக்கே சில நூறு வெள்ளி ஆகும். நீண்டகாலச் சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு, பதற்ற நோய், இருதுருவ நோய், மனச்சிதைவு ஆகியவற்றுக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 500 வெள்ளி வரையிலும், சிக்கலான நிலை என்றால் 700 வெள்ளி வரையிலும் எடுக்கலாம். 16 முதல் 30 வயது வரையிலான இளையருக்கு ‘சாட்’ என்ற சேவை இலவசமாக முதல்கட்ட மதிப்பீடு செய்கிறது.

உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் இதில் எதற்கும் காத்திருக்கக் கூடாது. 995ஐ அழைக்கலாம், அல்லது மனநலக் கழகத்தின் 24 மணி நேர அவசரப் பிரிவுக்கு நேரே போகலாம். பேச ஓர் ஆள் வேண்டும் என்றால் தேசிய மனநல உதவி எண் 1771. தற்கொலை எண்ணம் என்றால் எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767.

மனநல மருத்துவர் வேறு, உளவியலாளர் வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்னவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். பின்னவர் பேச்சுச் சிகிச்சையும் உளவியல் சோதனைகளும் செய்வார், மருந்து எழுத மாட்டார். நான் இங்கே சொல்வது முன்னவருடனான முதல் சந்திப்பைப் பற்றி.

அறைக்குள்

முதல் சந்திப்பு வழக்கமாக முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை நீளும். சில இடங்களில் அதற்கு முன்பே ஒரு தாள் தருவார்கள். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எத்தனை நாள் சோர்வு என்று ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27. பிஎச்கியூ-9 என்பது அதன் பெயர். அந்த எண்ணைப் பார்த்து யாரும் பதற வேண்டியதில்லை. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் போல, எவ்வளவு இருக்கிறது என்றுதான் அது காட்டும். ஏன் இருக்கிறது என்று காட்டாது. அதற்குத்தான் பேச்சு.

முதல் கேள்வி எப்போதும் திறந்த கேள்வியாகத்தான் இருக்கும். என்ன விஷயமாக வந்தீர்கள்? எப்போதிலிருந்து இப்படி? அதற்கு முன்னால் என்ன நடந்தது? பிறகு பின்னோக்கிப் போவார்கள். முன்பு இப்படி வந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, சின்ன வயது எப்படி, படிப்பு, வேலை, கல்யாணம், பிள்ளைகள், கடன். ‘தூக்கம் வரலைன்னு வந்தேன், என் அப்பா எப்படிப்பட்டவர்னு எதுக்குக் கேக்குறாங்க?’ என்று பலருக்கும் எரிச்சல் வரும். காரணம் இருக்கிறது. மனநோய்கள் பலவற்றுக்குக் குடும்ப வழி உண்டு. ‘தாத்தா கொஞ்சம் ஒரு மாதிரி, திடீர்னு வீட்டை விட்டுப் போயிடுவாரு’ என்று நாம் கதையாகச் சொல்லிச் சிரித்தது மருத்துவருக்கு முக்கியத் தடயம். முன்பு எப்போதாவது பல நாள் தூங்காமலே சுறுசுறுப்பாக இருந்து, பணத்தை வாரி இறைத்து, பேச்சு நிற்காமல் ஓடிய காலம் உண்டா என்பதும் அப்படித்தான். இருந்தது என்றால் இன்றைய சோர்வு வெறும் மனச்சோர்வாக இல்லாமல் இருதுருவ நோயின் ஒரு முனையாக இருக்கலாம், மருந்தே மாறும்.

குடியைப் பற்றிக் கேட்கும்போது நம் ஆண்களில் பலர் ‘எப்பவாச்சும்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். என்ன குடிக்கிறீர்கள், எத்தனை பாட்டில், வாரத்தில் எத்தனை நாள் என்று மருத்துவர் விடாமல் கேட்டால் அது ஒழுக்க விசாரணை இல்லை. தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். கணக்கு சரியாகத் தெரிந்தால்தான் மருத்துவர் அதைப் பாதுகாப்பாகக் கையாள முடியும்.

நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பரிசோதனையும் நடக்கும். மனநிலைப் பரிசோதனை என்று அதற்குப் பெயர். உடையும் தலைமுடியும் எப்படி இருக்கின்றன, கண்ணைப் பார்த்துப் பேசுகிறீர்களா, பேச்சின் வேகம், குரல், சொல்லும் உணர்வும் முகத்தில் தெரியும் உணர்வும் ஒத்துப்போகின்றனவா, ஓர் எண்ணத்திலிருந்து அடுத்த எண்ணத்துக்கு எப்படிப் போகிறீர்கள், பிறர் கேட்காத குரல் கேட்கிறதா, தனக்கு ஏதோ சரியில்லை என்று உங்களுக்கே தோன்றுகிறதா என்பதையெல்லாம் குறித்துக்கொள்வார். வயதானவர் என்றால் இன்று என்ன தேதி, 100லிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், ஒரு கடிகாரம் வரையுங்கள் என்று கேட்பதும் உண்டு. பழமொழி ஒன்றைச் சொல்லிப் பொருள் கேட்பது பழைய முறை. சொல்லுக்குப் பின்னால் இருக்கும் கருத்தைப் பிடிக்க முடிகிறதா என்று பார்ப்பதற்கு. ஆங்கிலப் பழமொழிக்கு விழிக்கும் தாத்தாவிடம் ‘யானைக்கும் அடி சறுக்கும்’ என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், ஊர்க்கதை ஒன்றோடு விளக்கம் தருவார். மொழி மாறினால் ஒரே மனிதர் மறதி நோயாளியாகவும் தெரியலாம், தெளிவானவராகவும் தெரியலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

உடம்பு பேசும் தமிழ்

‘எனக்கு மனச்சோர்வு’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நெஞ்சு அடைக்குது என்பார்கள். வயித்தைப் பிசையுது, தலை கிர்ருங்குது, கை கால் ஓஞ்சு போச்சு, உடம்பெல்லாம் எரியுது என்பார்கள். இவற்றை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் நெஞ்சு மருத்துவருக்கும் வயிற்று மருத்துவருக்கும்தான் கடிதம் கிடைக்கும். பல ஆண்டுகள் அப்படி அலைந்தவர்கள் நம்மிடையே ஏராளம். அதற்காக அந்தச் சொற்களை வீட்டிலேயே ‘டிப்ரஷன்’ என்று மாற்றி எடுத்துக்கொண்டு போகவும் கூடாது. மொழிபெயர்த்து முடித்துவிட்டால் மருத்துவர் கேட்க வேண்டியது எதுவும் மிஞ்சாது. ‘நெஞ்சு அடைக்குது’ என்பதையே சொல்ல வேண்டும். அது எப்போது அடைக்கிறது, யாரை நினைத்தால் அடைக்கிறது, எத்தனை நிமிடத்தில் விடுகிறது என்று மருத்துவர் கேட்டால் அது இதயமா, பதற்றமா, துக்கமா என்ற கிளை பிரியும்.

நம்பிக்கை சார்ந்தவையும் அப்படித்தான். செத்துப்போன அப்பா கனவில் வந்தார், அடுப்படியில் அவர் குரல் கேட்ட மாதிரி இருந்தது என்று துக்கத்தில் இருப்பவர் சொன்னால், அதை மட்டும் வைத்து எந்த நல்ல மருத்துவரும் மனச்சிதைவு என்று எழுத மாட்டார். தைப்பூசத்தில் அருள் வந்து ஆடுவது நோயில்லை. ஆனால் குரல் நாள்தோறும் கட்டளையிடுகிறது, பக்கத்து வீட்டார் சுவர் வழியாகத் தன் எண்ணத்தைக் களவாடுகிறார்கள் என்று தோன்றுகிறது, பயத்தில் கதவைத் திறக்கவே முடியவில்லை என்றால் அது வேறு. அந்தச் சமூகத்தில் எது இயல்பு என்று தெரியாமல் எது நோய் என்று சொல்ல முடியாது என்பது மனநல மருத்துவமே ஒப்புக்கொண்ட விஷயம். டிஎஸ்எம்-5 நூலிலேயே பண்பாடு சார்ந்து கேட்பதற்கென்று 16 கேள்விகள் கொண்ட நேர்காணல் ஒன்று இருக்கிறது. இது எதனால் வந்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள், இதுவரை யாரிடமெல்லாம் போனீர்கள் என்று அது கேட்கிறது. கண்திருஷ்டி கழித்ததையும், செய்வினை என்று சாமியாரைப் பார்த்ததையும், ஊரிலிருந்து வரவழைத்த சூரணத்தையும் மறைக்க வேண்டாம். சூரணத்தை மறைத்தால் மருந்தோடு மருந்து மோதலாம்.

யார் பேச வேண்டும் என்பது அடுத்தது. மகனோ மகளோ மருமகளோ மொழிபெயர்ப்பாளராக உட்காருவதுதான் நம் வழக்கம். நான் செய்த பிழை இங்கேதான். அம்மா என்னிடம் சொல்ல முடியாததை என் வழியாக எப்படிச் சொல்வார்? மருமகள் மொழிபெயர்க்கும்போது மாமியார் வீட்டு வருத்தத்தைச் சொல்வாரா? கணவன் பக்கத்தில் இருக்கும்போது மனைவி அடி வாங்கியதைச் சொல்வாளா? தங்கும் விடுதியிலிருந்து மேற்பார்வையாளர் அழைத்துவரும் ஊழியர், ‘ஊருக்கு அனுப்பிடுவாங்களோ’ என்ற பயத்தை அந்த மேற்பார்வையாளர் காதுபடச் சொல்வாரா? வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஹெல்த்சர்வ் போன்ற தொண்டு அமைப்புகள் மனநல ஆலோசனை தருகின்றன. முதலாளிக்குத் தெரியாமலேயே அங்கே பேசத் தொடங்கலாம்.

தமிழ் பேசும் மருத்துவர்களும் தாதியரும் இங்கே இருக்கிறார்கள். முன்பதிவு செய்யும்போதே தமிழில் பேச ஆள் வேண்டும் என்று கேளுங்கள். அன்றைக்குப் போய்க் கேட்டால் யாராவது ஓய்வாக இருந்தால்தான் கிடைப்பார். தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். பள்ளியைப் பற்றி ஆங்கிலத்தில் பேசும் பையனுக்கு அப்பாவின் கோபத்தைப் பற்றிப் பேசத் தமிழ்தான் வரும். கலந்தே பேசட்டும்.

குடும்பம் ஒதுங்கிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. மருத்துவரே வீட்டாரிடம் தனியாகக் கேட்பார். எப்போதிலிருந்து மாற்றம், இரவில் என்ன செய்கிறார், சமைத்த குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாரா என்பதெல்லாம் வீட்டாருக்குத்தான் தெரியும். அதை எழுதிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. நோயாளியின் வாயாக மட்டும் நாம் இருக்கக் கூடாது.

அந்த ஒரு கேள்வி

சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று மருத்துவர் கண்டிப்பாகக் கேட்பார். சிரித்த முகத்தோடு வந்தவரிடமும் கேட்பார். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்று நாம் பயப்படுகிறோம். ஆய்வுகள் அதை மறுக்கின்றன. கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை, பலருக்கும் யாரோ கேட்டுவிட்டார்களே என்ற ஆறுதல்தான் வருகிறது. தமிழில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ‘செத்துத் தொலைஞ்சா தேவலை’, ‘சாமி என்னைக் கூட்டிக்கிட்டா போதும்’ என்பதெல்லாம் நம் வீடுகளில் அலுப்பில் அன்றாடம் விழும் சொற்கள். எது அலுப்பு, எது எண்ணம், எது திட்டம் என்று பிரித்தறிய அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். அடிக்கடி வருகிறதா? எப்படி என்றும் யோசித்தீர்களா? எது உங்களைப் பிடித்து நிறுத்துகிறது? பதிலைப் பொறுத்து வீட்டுக்கு அனுப்புவதா, அடுத்த வாரமே வரச் சொல்வதா, மருத்துவமனையில் சேர்ப்பதா என்று முடிவாகும்.

இங்கே பழைய பயம் ஒன்றையும் களைய வேண்டும். தற்கொலைக்கு முயல்வது சிங்கப்பூரில் குற்றமாக இருந்தது. 2020 ஜனவரி 1 முதல் குற்றமில்லை. உண்மையைச் சொன்னால் போலிஸ் வழக்குப் போடும் என்று இனி யாரும் வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை.

உண்மையைச் சொன்னால் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்களா என்பது அடுத்த பயம். எண்ணம் வருகிறது என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் மருந்தோடும் அடுத்த சந்திப்புத் தேதியோடும் வீட்டுக்குத்தான் போகிறார்கள். தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்று மருத்துவர் கருதினால், 2008ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி விருப்பமில்லாமலும் மனநலக் கழகத்தில் 72 மணி நேரம் வரை வைத்திருக்கலாம். அதற்கு மேல் ஒரு மாதம், ஆறு மாதம் என்று நீட்டிக்க ஒவ்வொரு கட்டத்திலும் மருத்துவர்கள் மறுபடி பரிசோதித்தாக வேண்டும்.

ஊசி, ரத்தம், ஸ்கேன்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மனநோயைக் கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனை இல்லை என்றேன், ஆனால் மனநோய் போல வேடமிடும் உடல்நோய்களைக் கண்டுபிடிக்க உண்டு. தைராய்டு குறைந்தால் சோர்வும் மறதியும் வரும், கூடினால் படபடப்பு. சுத்த சைவம் சாப்பிடும் நம் பெண்களுக்கு பி12 குறைவு, இரத்தசோகை. ஆகவே இரத்தம் எடுப்பார்கள். சில மருந்துகளுக்கு முன் ஈசிஜி எடுப்பார்கள். மூளை ஸ்கேன் எல்லாருக்கும் தேவைப்படாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நேற்று வரை தெளிவாக இருந்த வயதானவர் இன்று ஆள் தெரியாமல் உளறினால், இல்லாதது கண்ணுக்குத் தெரிந்தால், அது பெரும்பாலும் மனநோய் இல்லை. சிறுநீர்த் தொற்று, சர்க்கரை தாறுமாறானது, மருந்துக் கோளாறு, பக்கவாதம் என்று எதுவாகவும் இருக்கலாம். மனநலப் பிரிவில் தேதி வாங்கிக் காத்திருக்காமல் பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

யாருக்குத் தெரியும்?

நீங்கள் சொல்வதை மருத்துவர் வெளியே சொல்ல மாட்டார், குடும்பத்திடமும்கூட. விலக்குகள் உண்டு, அவற்றைத் தெரிந்துகொண்டே பேசுவது நல்லது. உயிருக்கு ஆபத்து என்றால் சொல்வார். போதைப்பொருளுக்கு அடிமையானவர் என்று மருத்துவர் கருதினால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சிங்கப்பூர்ச் சட்டம் சொல்கிறது. நீதிமன்றம் கேட்டு நடக்கும் மதிப்பீடு முற்றிலும் வேறு வகை. அங்கே நீங்கள் சொல்வது அறிக்கையாக நீதிபதியிடம் போகும். மருத்துவர் அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார்.

மருத்துவ விடுப்புச் சான்றிதழில் உங்கள் இசைவில்லாமல் நோயின் பெயரை எழுத மாட்டார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, அந்த வேலைக்குத் தேவை என்றாலொழிய, மனநோய் உண்டா என்று முதலாளிகள் கேட்கக் கூடாது என்பது 2020 முதல் அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறி. 2025ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டமும், நடப்புக்கு வரும்போது, மனநல நிலையைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கும். காப்புறுதி மட்டும் இன்னும் கடினமான இடம். புதிதாகப் பாலிசி எடுக்கும்போது உண்மையைச் சொல்ல வேண்டும், அவர்கள் சில நோய்களுக்கு இழப்பீடு தர மறுக்கவும் செய்யலாம். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது.

வெளியே வரும்போது

முதல் நாளே நோயின் பெயர் கிடைக்காமல் போகலாம். ‘இப்போதைக்கு இப்படித் தோன்றுகிறது, அடுத்த முறை பார்ப்போம்’ என்று சொல்லும் மருத்துவர் தெரியாமல் சொல்லவில்லை, கவனமாகச் சொல்கிறார். மனச்சோர்வு மருந்து எழுதிக் கொடுத்தால் பலன் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். வயிற்றுப் புரட்டல், தலைவலி போன்ற பக்கவிளைவுகள்தான் முதலில் வரும். இது தெரியாமல் நாலாம் நாளே மாத்திரையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு ‘எனக்கு ஒத்துக்கலை’ என்பவர்கள் நம்மில் அதிகம். நிறுத்த வேண்டும் என்றாலும் மருத்துவரிடம் சொல்லிக் குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். மருந்து எதற்கு, எவ்வளவு நாளைக்கு, மருந்தில்லாத வழி உண்டா என்றெல்லாம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவில்லை. திருப்தியில்லை என்றால் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்கலாம்.

அம்மாவின் இரண்டாவது சந்திப்புக்கு ஐந்து வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். அதற்குள் நான் தொலைபேசியில் அழைத்து, முதல் முறை நான் சரியாக மொழிபெயர்க்கவில்லை என்றும், கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது என்றும் சொன்னேன். எதிர்முனையில் இருந்தவர் ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை. தேதியை அந்த வாரத்துக்கே மாற்றிக் கொடுத்து, தமிழ் தெரிந்த தாதி ஒருவரை ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்.

அன்றைக்கு அந்தத் தாதி அம்மாவின் கையைப் பிடித்து, “வாங்கம்மா, நாம உள்ள போய்ப் பேசுவோம். அக்கா வெளிய இருக்கட்டும்” என்று கூட்டிப்போனார். நாற்பது நிமிடம் கதவு திறக்கவில்லை. வெளியே வந்தபோது அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. மருத்துவர் என்னிடம் மூன்று விஷயங்களை மட்டும் சொன்னார்: புது மாத்திரை, வாரம் ஒரு முறை தாதியின் தொலைபேசி அழைப்பு, கொஞ்ச நாளைக்கு இரவில் அம்மாவைத் தனியாக விட வேண்டாம். நான் எதுவும் கேட்கவில்லை. கீழே உணவங்காடியில் அம்மா தானாகவே தேத்தண்ணீர் வேண்டும் என்றார், கூடவே ஒரு வடையும். உள்ளே என்ன சொன்னார் என்று இந்த மூன்று ஆண்டுகளில் அவர் என்னிடம் சொன்னதில்லை.